ஐயாயிரத்துக்கு ஒண்ணு கம்மி

வாங்க மாப்ள, வாங்க. திண்ணை வேண்டாம், உள்ளுக்கு வந்து உக்காருங்க. திண்ணையில உக்காந்தா ஈ மொய்க்கும். உங்க பண்ணை ஈதான், மொதலாளியக் கண்டா சும்மா உடாது. அம்மணி, மாப்பிள்ளைக்கு ஒரு காபி கொண்டா கண்ணு. தம்ளர் மேல தட்டம் போட்டு மூடிக் கொண்டா.

கையெழுத்துத்தானுங்களே? போட்டாப் போச்சு. அதுக்கு எதுக்கு இத்தனை பழம், இத்தனை பலகாரம்? சீட்டக் குடுங்க, கண்ணாடியப் போட்டுப் பாக்கறேன். "மேற்படி கோழிப்பண்ணையால் எங்கள் ஊர்ப் பொதுமக்களுக்கு எவ்வித இடையூறும், துர்நாற்றமும், ஈத்தொல்லையும் இல்லை என்று மனப்பூர்வமாக..." ஆஹா. வக்கீல வெச்சு எழுதினீங்களா? நெம்ப வக்கணையா இருக்குது. இந்த 'மனப்பூர்வமாக'ங்கற எடத்துல ஒரு ஈ உக்காந்திருக்குது பாருங்க. அதையும் சாட்சியாச் சேத்துக்கலாம்.

நான் நாலாங்கிளாசு. சட்டமெல்லாம் தெரியாது. பேத்தி நாமக்கல் கால்நடைக் காலேஜுல படிக்கறா, லீவுக்கு வந்தா ஃபோனப் பாத்துப் படிச்சுக் காட்டுவா. அவ படிச்சதும் நான் மோந்ததும் சேத்து உங்களுக்கு நாலு ரோசனை சொல்றேன். புடிச்சா எடுத்துக்குங்க, இல்லீன்னா எருவோட எருவாக் கொட்டிருங்க.

மொதல்ல உங்க பண்ணைக்கு நோட்டீசு ஏன் வந்துச்சுன்னு பாக்கோணும். 2015-ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கோழிப்பண்ணைக்குன்னு ஒரு வழிமுறை போட்டுச்சாம். ஒரே எடத்துல 1 லட்சம் கோழிக்கு மேல இருந்தாத்தான் அது வாயத் தொறக்கும். உங்களுக்கு 40,000. அப்ப உங்க கோழியெல்லாம் சட்டப்படி எச்சம் போடாத கோழி. அப்பறம் ஆரோ பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயி, இதென்ன நாயம்னு கேட்டுப்போட்டாங்க. 2020-ல தீர்ப்பாயம், திருப்பிப் பாருங்கன்னு சொல்லிச்சு. புது வழிமுறை வந்துச்சு. 2023 ஜனவரி 1-லருந்து, 5,000 கோழி தாண்டினா தண்ணிச் சட்டத்துக்கும் காத்துச் சட்டத்துக்கும் இசைவாணை வாங்கோணும்னு ஆயிப்போச்சு. காத்துச் சட்டம்ங்கறது 1981-ல போட்டது. அன்னைக்கு இந்த வளவுல ஊட்டுக்கு அஞ்சு கோழி, ஒரு சேவல். அதுக எங்க பேண்டுச்சுன்னு ஆரும் பாத்ததில்ல.

இதுக்குப் போயி வெசனப்படலாமுங்களா? 5,000-ன்னுதானே சட்டம் எண்ணுது? 4,999 வெச்சுக்குங்க. உங்க பேருல 4,999, நம்ம பாப்பா பேருல 4,999, பசங்க ரெண்டு பேரு பேருல ரெண்டு 4,999, உங்க அம்மா, மாமியா, மச்சினன், அப்பறம் செத்துப்போன உங்க அய்யன் பேருலயும் ஒண்ணு. ரேசன் கார்டுல அவரு இன்னும் உசுரோடதான் இருக்காரு. எட்டுப் பண்ணை ஆச்சா? 39,992 கோழி. மீதி எட்டுக் கோழி நிக்குது. அத எனக்குக் குடுத்தனுப்புங்க. கொழம்பு வெச்சுச் சட்டத்தக் காப்பாத்திப்போடறேன்.

சிரிக்காதீங்க, இந்தக் கணக்கு உங்களுக்கு முன்னாடி இன்னொருத்தரு என்கிட்டவே சொல்லீட்டுப் போயிட்டாரு. ஆருன்னு சொல்ல மாட்டேன். அவரு ஊட்டுல எருமை மாட்டுக்குக்கூட ஒரு பண்ணை எழுதி வெச்சிருக்காங்க.

ஒரே ஒரு தொந்தரவுதான் இதுல. பட்டாவ எட்டாப் பிரிச்சீங்க, ஷெட்டு ஒண்ணுதானே? ஒரு முட்டைக்கோழி நாளைக்கு 100 கிராம் பக்கம் எச்சம் போடுதுன்னு பேத்தி சொன்னா. நாலாங்கிளாசுக் கணக்குக்கே எட்டுது: 40,000 கோழின்னா நாளைக்கு 4 டன்னு. நம்ம நோம்பிக்குத் தேரிழுக்கறோம் பாருங்க, தெனம் ஒரு தேரு அங்க கீழ எறங்குது. அதுல முக்கால் பங்கு தண்ணி. மிச்சத்துலதான் விசயமே இருக்குது.

நமக்கு ரெண்டு வழி, கோழிக்கு ஒரே வழி. அதுக்கு மூத்தரம்னு தனியாக் கெடையாது. எச்சத்து மேல வெள்ளையா சுண்ணாம்பு தடவுன மாதிரி இருக்குதுங்களே, அதுதான் யூரிக் அமிலமாம். காஞ்சு கெடந்தா அது பாட்டுக்குக் கெடக்கும். ஈரம் பட்டுச்சுன்னா, வெக்கையும் சேந்துச்சுன்னா, நுண்ணுயிரு அதத் தின்னு அமோனியாவா ஆக்கி உட்டுருது. மூக்கக் கரிச்சுக் கண்ணுல தண்ணி வர வெக்குதே, அந்தக் காத்து. பாத்தீங்களா மாப்ள, வாயில்லாச் சீவன் உங்களுக்குப் பொட்டலம் கட்டித்தான் குடுக்குது. தண்ணிய ஊத்திப் பொட்டலத்தப் பிரிச்சு உடறது நீங்க.

நான் எப்புடிச் சொல்றேன்னு கேப்பீங்க. போன மாசம் நீங்க ஊருல இல்லாதப்ப உங்க ஷெட்டுக்கு அடியில போயிப் பாத்துட்டு வந்தேன். காவக்காரன் நம்ம பங்காளி மவன், உட்டான். ஆளு ஒசரத்துக்கு மேல கேஜு வரிசை, அதுக்குக் கீழ எரு. நடு வரிசையில எல்லாம் எச்சம் கூம்பு கூம்பா, கோயில் கோபுரத்தப் பொம்மைக்குச் செஞ்ச மாதிரி நிக்குது. கையில எடுத்து நுணுக்கினா மாவா உதுருது. ஒரு ஈ இல்ல. நாத்தமும் சொல்லும்படியா இல்ல. உங்க மேல எனக்கு மரியாதையே வந்துருச்சு.

அப்பறம் மேக்குப் பக்கம் போனேன். மூணாவது வரிசையில ஒரு நிப்பிள் ஒழுகுது. சொட்டு... சொட்டு... சொட்டு. அதுக்கடியில மட்டும் கோபுரம் கரைஞ்சு ராயிக்கூழு மாதிரி ஒரு குட்டை. வட்டமா நம்ம மொறத்தளவு இருக்கும். குனிஞ்சு பாத்தனா, கூழு நெளியுது. அரிசி அளவுக்குப் புழுவு, வெள்ளையா, ஒண்ணு மேல ஒண்ணு. ஒரு ஈ அதன் சென்மத்துல சுமார் 500 முட்டை போடுமாம். வெயில் காலத்துல முட்டை ஈயாகறதுக்கு ஒரு வாரம், பத்து நாளு போதுமாம். உங்க கோழி ஒரு நாளைக்கு ஒண்ணுதான் போடுது மாப்ள. முட்டைத் தொழில்ல உங்களுக்குப் போட்டிக்காரன் ஆருன்னு இப்பத் தெரியுதுங்களா?

அந்த மாதிரி ஒழுகற நிப்பிள் எண்ணினேன். பதினேழு. வாசரு வெலை என்னன்னு கடையில கேக்கலாம்னு நெனச்சேன். அப்பறம், வக்கீல் பீசு குடுக்கறவருக்கு வாசருக்குக் காசு இருக்காதான்னு உட்டுட்டேன்.

பொண்ணு பாத்த கதை உங்களுக்கு ஆரும் சொல்லியிருக்க மாட்டாங்க. கோடி ஊட்டுப் புள்ளையப் பாக்கக் கரூர்ப் பக்கமிருந்து ஒறம்பரை வந்திருந்தாங்க. ஐப்பசி மாசம், மூணு நாளு மழை பேஞ்சு உட்டிருந்துச்சு. ஷெட்டுக்குள்ள சாரல் அடிச்சிருக்கும் போல. அன்னைக்கு ஈயின்னா ஈ, கட்டல் காலு கறுப்பாயிருச்சு. கேசரியத் தட்டத்துல வெச்சுக் கொண்டு வந்தாங்க. மாப்பிள்ளையோட பெரியப்பா, பாவம், கண்ணு கொஞ்சம் மங்கல். "திராட்சை தாராளமாப் போட்டிருக்கீங்க"ன்னு மெச்சினாரு. மெச்சி வாய் மூடல, திராட்சையில பாதி எந்திரிச்சுப் பறந்துருச்சு. சம்மந்தமும் அதோட பறந்துருச்சு. அந்தப் புள்ளைக்கு இப்ப திருப்பூர்ல நல்ல எடம் அமைஞ்சிருச்சுங்க. பொண்ணு பாக்கறத அவங்க திருப்பூர்லயே ஒரு ஓட்டல்ல வெச்சுக்கிட்டாங்க.

சரி, ஈய உடுங்க, அது கண்ணுக்குத் தெரியுது. காத்துக்கு என்ன பண்றது? காத்துக்கு வரப்பு இல்ல. ஆடியில மேக்கத்திக் காத்து பாலக்காட்டுக் கணவாயில பூந்து அடிக்கறப்ப உங்க பண்ணைக் காத்து எங்க ஊட்டத் தாண்டி அந்தப்பக்கம் நெசவுக்காரங்க வளவுக்குப் போயிருது. மழைக்காலத்துல வாடைக்காத்து திரும்புனா உங்க பண்ணைப் பக்கமே போயிரும். ஆனா நீங்கதான் அங்க இல்லையே. கோழி எங்கூருல, மொதலாளி ஊடு நாமக்கல்லுல, சன்னலச் சாத்தி ஏசி. காத்து உங்களத் தேடிக் கெணத்து மேட்டு வரைக்கும் வந்து பாத்துட்டுத் திரும்பிப் போகுது.

பாக்க வந்த அதிகாரியப் பத்திச் சொன்னீங்க. எந்த ஆபீசுன்னு எனக்கு வேண்டாம். முன்னாடியே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டு வந்தாரு. நீங்க சுண்ணாம்பத் தூவி, வேப்பிலைத் தோரணம் கட்டாத கொறையா சீர் பண்ணி வெச்சீங்க. மத்தியானம் பன்னண்டு மணி. நல்ல வெயிலு. தரை சூடாகி காத்து மேல எழும்புற நேரம். நாத்தத்தையும் தூக்கிட்டுப் போயிரும். அவரு மூக்க இழுத்து இழுத்துப் பாத்துட்டு, ஒண்ணுமில்லையேன்னாரு. பொய் இல்ல, அப்ப ஒண்ணுமில்லதான். அதே எடத்துல மார்கழி வெடியக்கால நாலு மணிக்கு வந்து நிக்கச் சொல்லுங்க. பனி எறங்கி, காத்து அசையாம, ராத்திரி பூரா வந்ததெல்லாம் போர்வை மாதிரி தரையோட தரையாப் படுத்திருக்கும். கோலம் போட வர்ற பொம்பளைங்க முந்தானைய மூக்குல கட்டிக்கிட்டுத்தான் புள்ளி வெக்கறாங்க. மார்கழின்னா எல்லா ஊருலயும் பக்திப் பாட்டுக் கேக்கும், எங்கூருல இருமல் கேக்குது.

அமோனியாவுக்கு நம்ம நாட்டுல கணக்கு இல்லாம இல்ல. 2009-ல வெளிக்காத்துல எது எவ்வளவு இருக்கலாம்னு 12 சரக்கு எழுதினாங்க, அதுல அமோனியாவும் ஒண்ணு. ஒரு கன மீட்டர் காத்துல 24 மணி நேரச் சராசரி 400 மைக்ரோகிராம், வருசத்துச் சராசரி 100. நெம்ப நல்ல எண்ணு. அத அளக்கற பொட்டிய நான் இந்த வளவுல ஒரு நாளும் கண்டதில்ல. நாத்தத்துக்குன்னு தனியா எண்ணே கெடையாது. நாத்தமும் அமோனியாவும் ஒண்ணு இல்லீங்க. அதுல அழுகின முட்டை வாசம் ஒண்ணு, புளிச்ச வாசம் ஒண்ணு, செத்த கோழி வாசம் ஒண்ணுன்னு ஒரு கூட்டுக் குடும்பமே இருக்குது. அந்த அமோனியா அத்தோடயும் நிக்கறதில்ல. வண்டிப் பொகை, ஆலைப் பொகையோட சேந்து கண்ணுக்குத் தெரியாத தூசா மாறி, நாத்தம் எட்டாத தூரத்துக்கும் போயி நுரையீரல்ல எறங்குதாம். அதுக்கு வாசமே இல்ல.

ஜப்பான்ல என்ன பண்றாங்கன்னு தெரியுங்களா? அங்க நாத்தத்துக்கே 1971-லருந்து ஒரு சட்டம் இருக்குது. அளக்கறது எதுலீங்க? மனுசன் மூக்குல. மூணு பையி. ரெண்டுல சுத்தக் காத்து, ஒண்ணுல பண்ணைக் காத்த நீர்க்கடிச்சு அடைச்சிருப்பாங்க. ஆறு பேரு உக்காந்து மோந்து, எந்தப் பையின்னு சொல்லோணும். கண்டுபிடிச்சா இன்னும் கொஞ்சம் நீர்க்கடிப்பாங்க. எதுவரைக்கும் மூக்குக்குத் தெரியுதோ அதுதான் நாத்தத்தோட அளவு. இதப் பேத்தி படிச்சப்ப எனக்கு வந்த ஆனந்தம் இருக்குதே! கடைசி காலத்துல ஒரு கவுருமெண்டு வேலை கெடைக்கும் போலன்னு நெனச்சேன். அவ சொல்றா, "உங்களத் தேர்வுலயே தள்ளிப்போடுவாங்க அய்யா. மோப்பம் இருக்குதான்னு மொதல்ல சோதிச்சுத்தான் எடுப்பாங்க." இருவது வருசமா இந்தக் காத்தையே குடிச்சு எங்க மூக்கு செத்துப்போச்சு. வெளியூருலருந்து வர்றவங்க பஸ்ஸு விட்டு எறங்கும்போதே மூக்கப் பொத்தறாங்க. நாங்க என்னமோ ஏதோன்னு அவங்களப் பாக்கறோம்.

அதனாலதான் சொல்றேன் மாப்ள, எங்க கையெழுத்துக்கு நீங்க நெம்பப் பலகாரம் வாங்கிட்டீங்க. 'துர்நாற்றம் இல்லை'ன்னு நாங்க எழுதிக் குடுத்தா அது பொய்ச்சாட்சி ஆகாது.

இதையும் மீறி கேசு வந்துச்சுன்னு வைங்க, அமெரிக்காக்காரன் கிட்ட ஒரு வித்தை இருக்குது. 2005-ல அங்க சுற்றுச்சூழல் துறை பண்ணைக்காரங்களோட ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு. கொஞ்சம் அபராதம் கட்டுங்க, காத்த அளக்கற செலவுக்குப் பணம் போடுங்க. அளந்து கணக்கு முடியற வரைக்கும் உங்க மேல நடவடிக்கை எடுக்க மாட்டோம். கிட்டத்தட்ட 14,000 பண்ணை அதுல சேந்துருச்சு. சேராம இருப்பாங்களா? அளந்தாங்க. கணக்குப் போட உக்காந்தாங்க. உக்காந்தவங்க உக்காந்தவங்கதான். 2017-ல அந்தத் துறைக்குள்ள இருக்கற தணிக்கைக்காரங்களே, 11 வருசம் ஆச்சு, நம்பற மாதிரி ஒரு கணக்கு வரலைன்னு அறிக்கை எழுதினாங்க. அடுத்த வருசம் அவங்க நாடாளுமன்றம் இன்னொரு உபகாரம் பண்ணுச்சு. நாளைக்கு 100 பவுண்டு, அதாவது 45 கிலோ அமோனியா வெளிய போனா ஆபீசுக்குச் சொல்லோணும்னு ஒரு விதி இருந்துச்சு. எருவுல இருந்து வர்ற காத்துக்கு அதுலருந்து விலக்கு. எரு எதுன்னு கேட்டீங்கன்னா, அந்த அமோனியா பொறப்படற எடமே அதுதான்.

அதனால நீங்க எதிர்த்துப் பேசவே வேண்டாம். "நல்லா ஆய்வு பண்ணுங்க சாமி, நானே காசு தர்றேன்"னு ஒரு மனுவக் குடுங்க. ஆய்வு மாதிரி கோணிப்பை ஒலகத்துல இல்ல. எத்தனை டன்னு நாத்தத்தையும் உள்ள போட்டு வாயக் கட்டிரலாம். உங்க பேரன் காலத்துல ஆராச்சும் பிரிப்பாங்க.

நெதர்லாந்துக்காரன் பேச்சு மட்டும் எடுக்காதீங்க, அவன் வேற மாதிரி. எருவ வயலுக்கு மேல வீசக்கூடாது, மண்ணுக்குள்ள செருகோணும்னு ரொம்ப வருசம் முன்னாடியே சட்டம் போட்டுட்டான். எருக்குழிக்கு மூடி, சில கொட்டாய்க்குக் காத்தக் கழுவற எந்திரம். 1990-லருந்து பாத்தா அமோனியா பாதிக்கு மேல கொறைஞ்சிருச்சு. அதும் பத்தாதுன்னு 2019-ல அவங்க ஒசந்த நீதிமன்றம் ஒண்ணு சொல்ல, விவசாயிக டிராக்டர எடுத்துட்டு, அரசாங்கம் இருக்கற ஹேக் நகரத்து ரோட்டுக்கே போயிட்டாங்க. அவங்க கோவத்துலயும் நாயம் இருக்குது. பத்து வருசமா இன்னும் கட்டு, இன்னும் பெருக்குன்னு கடன் குடுத்தவனும், இப்ப கொறைன்னு சொல்றவனும் ஒரே சட்டைதான் போட்டிருக்கான்.

உங்க பக்கத்து நாயத்தையும் நான் சொல்லாம உடக்கூடாது. தீவனம் நீங்க சொல்ற வெலைக்கு வர்றதில்ல. முட்டையும் நீங்க சொல்ற வெலைக்குப் போறதில்ல. சத்துணவுக்குப் போற முட்டைய ஊரே மெச்சும், அது வர்ற எடத்த ஊரே வையும். போன வருசம் பண்ணைக்குத் தெக்கால சைட்டுப் போட்டு வித்தாங்களே, அந்த நகர்க்காரங்கதான் இப்ப மனு மேல மனுவாக் குடுக்கறாங்க. சைட்டு மலிவா இருக்குதேன்னு வாங்கினவங்க, ஏன் மலிவுன்னு ஒருத்தராச்சும் மோந்து பாத்தாங்களா? காலையில வந்து பாத்திருப்பாங்க, பத்து மணி வெயில்ல.

என் கதையும் சுத்தமில்ல. நம்ம மஞ்சக்காட்டுக்கு எரு எங்கிருந்து வருது? உங்க பண்ணையிலருந்து, சொந்தக்காரங்கற சலுகை வெலையில. பச்சை எருவ நான் எங்க குமிச்சு வெக்கறேன்? நெசவுக்காரங்க வளவு ஓரத்துல. என்னோட ஊட்டு ஓரத்துல இல்ல. ஒரு நாளு அந்த வளவுல ஒரு பாட்டி வந்து, "ஏனுங்கய்யா, இந்தப் பக்கம் மண்ணு நெம்ப ராசியானதுங்களா?"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிருச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. அடுத்த நாளே மண்ணப் போட்டு மூடினேன்.

எங்க அய்யன் காலத்துல காட்டுல ஆட்டுப்பட்டி அடைப்பாங்க. ராத்திரிக்கு ஒரு எடத்துல பட்டி, மறுநாள் பத்தடி தள்ளி. புழுக்கையும் மூத்தரமும் நேரா மண்ணுக்கு. பட்டி அடைச்சதுக்கு ஆட்டுக்காரனுக்கு நாமதான் தவசம் குடுக்கோணும், பாருங்க. ஆட்டு எருவுக்கு அத்தனை மருவாதை. இப்ப மத்தியப் பிரதேசத்துச் சோயா லாரி ஏறி இங்க வருது. அதுல இருக்கற சத்துல ஒரு பங்கு முட்டையாகி வெளியூருக்குப் போகுது, பாதிக்கு மேல எச்சமாகி எங்கூருல நிக்குது. அங்க ஒருத்தன் காடு வத்திப்போகுது, இங்க எங்க காடு வாந்தி எடுக்குது.

புதுப் பண்ணைன்னா குடியிருப்புலருந்து 500 மீட்டர் தள்ளியிருக்கோணும்னு வழிமுறையில எழுதியிருக்குதாம். நல்லது. உங்க ஷெட்டுக் கோடியில ரெண்டு அறை கட்டி, பீகார்லருந்து வந்த குடும்பத்த வெச்சிருக்கீங்களே, அது எத்தனை மீட்டர்? அந்தப் பையன் கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. புண்ணான்னு கேட்டேன், தூசுன்னான். அவன் பொண்டாட்டி கைக்கொழந்தையத் தூளியில போட்டு, தூளி மேல சேலையப் போத்தி வெச்சிருக்கா. காத்தே வராதேம்மான்னு சைகையில கேட்டேன். அதுதான் வேணும்ங்கற மாதிரி சிரிச்சா. எனக்கு அப்ப நையாண்டி ஒண்ணும் வரல மாப்ள.

ஷெட்டுக்குள்ள அமோனியா 25 பிபிஎம் தாண்டக்கூடாதும்பாங்க, மனுசனுக்கும் கோழிக்கும் சேத்துத்தான். தாண்டுனா கோழி தொண்டைக்குள்ள தூசத் தள்ற மசிரெல்லாம் வேலை செய்யாம போயிருமாம். அப்பறம் சளி, வெள்ளைக்கழிச்சல், முட்டை கொறையறது. இதெல்லாம் உங்க ரிஜிஸ்டர்ல 'சீசன்'னு ஒரு வார்த்தையில எழுதியிருக்கும். பேத்தி பாத்துட்டு, இது சீசன் இல்ல அய்யா, நிப்பிள்னா.

உங்களுக்கு வக்கீலும் வேண்டாம், ஊர்க் கையெழுத்தும் வேண்டாம். பதினேழு வாசரு. தெனம் காலையில ஒரு ஆளு வரிசைக்குக் கீழ நடந்து, எங்க கோபுரம் கரைஞ்சிருக்குதுன்னு பாத்தாப் போதும். மழைக்கு முன்னாடி சாரல் பக்கம் படுதா. எருவ எடுக்கறதக் காஞ்ச நாள்ல எடுத்து, மூடுன லாரியில அனுப்புங்க. சோயாவ அள்ளிக் கொட்டாம அளந்து போட்டா தீவனச் செலவும் கொறையும், எச்சத்துல காரமும் கொறையும். எவ்வளவுன்னு பேத்தி எழுதித் தருவா, பீசு இல்ல. செத்த கோழிய ஏரிக்கரையில வீசற பழக்கத்த உடுங்க. நாய் இழுத்துட்டு வந்து மாரியம்மன் கோயில் வாசல்ல வெக்குது, பூசாரி உங்க நேர்த்திக்கடன்னு நெனச்சுக்கறாரு. கெழபுறம் ரெண்டு வரிசை மரம் வெச்சு வளருங்க. மரம் நாத்தத்தத் தின்னாது. தூசப் புடிக்கும், காத்தக் கொஞ்சம் மேல திருப்பி உடும். நாத்தமே இருக்காதுன்னு எவனாச்சும் வாசனை மருந்து விக்க வந்தா வாங்காதீங்க. ஒருக்கா அடிச்சாங்களே, மல்லியப்பூவும் கோழி எருவும் சேந்து ஊரே சாவு ஊடு மாதிரி ஆயிருச்சு.

இசைவாணை தர்றவங்களுக்கும் எங்கிட்ட ஒரு சொல்லு இருக்குது, ஆனா அவங்க எங்க திண்ணைக்கு வர்றதில்ல. கோழிய எண்ணுங்க, மீட்டரப் போட்டுத் தூரத்த அளங்க, வேண்டாங்கல. அந்த ரிஜிஸ்டர்லயே ஒழுகற நிப்பிளுக்கும் ஒரு கட்டம் போடுங்க. வர்றப்ப ஃபோன் பண்ணாம, வெடியக்கால வாங்க.

ஏனுங்க எந்திரிக்கறீங்க? கையெழுத்துப் போட மாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே. கண்டிப்பாப் போடறேன். நாளைக்கு வெடியக்கால நாலு மணிக்குப் போடறேன். இன்னைக்கு ராத்திரி நீங்க இங்கயே தங்கிக்குங்க. ஒறம்பரை வந்தா அனுப்பற பழக்கம் எங்க ஊட்டுல இல்ல. பொடக்காணிப் பக்கம் கயித்துக் கட்டல் போடச் சொல்றேன், ரெண்டு போர்வை தர்றேன். நல்ல மார்கழி, காத்தே அசையாது. நாலு மணிக்கு எழுப்பி உடறேன்; ரெண்டு பேரும் ஒரு மூச்சு நல்லா உள்ளுக்கு இழுத்துட்டு, இந்தச் சீட்ட ஒருக்கா சத்தமாப் படியுங்க. 'மனப்பூர்வமாக' வரைக்கும் இருமாமப் படிச்சு முடிச்சீங்கன்னா, பேனா என் சட்டைப் பையிலயே இருக்குது.

இந்தா, காபி வந்துருச்சு. தட்டத்த எடுத்ததும் ஒரே மடக்காக் குடிச்சரோணும் மாப்ள. மெல்லக் குடிக்கற பழக்கம் எங்கூருல போயி நெம்ப நாளாச்சு.